கஞ்சித்தொட்டியும் குடும்ப வரலாறும்

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் பெரும்பாலும் அதன் பெருமையிலிருந்தே தொடங்குவர். பல்லவர் எடுத்த கற்றளிகளும், ஏகாம்பரநாதர் கோயிலின் வானளாவிய கோபுரமும், வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும், பிள்ளையார்பாளையத்துத் தறிகளின் ஓசையும் நம் நினைவில் முந்தி நிற்கின்றன. இன்று நான் பேச விரும்புவது அப்பெருமைகளைப் பற்றி அன்று. இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்ந்து, பசி வந்த காலத்தில் கையேந்தி நின்ற நம் முன்னோரைப் பற்றியே பேச விரும்புகிறேன். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் அவர்கள் இல்லையேல் நாம் இல்லை. அவர்களைத் தேடிக் காண வழி உண்டா என்பதே நம் கேள்வி.

முதலில் கடல் கடந்த ஒரு நாட்டைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டம் திருத்தி அமைக்கப்பட்டது. உடல் வலிமை உள்ள ஏழைக்கு வீட்டில் இருந்தபடியே உதவி கிடைப்பது அரிதாயிற்று. உதவி வேண்டுவோர் ‘உழைப்பில்லம்’ எனத்தக்க ஒரு பெரிய கட்டடத்துக்குள் சென்று வாழவேண்டும் என்பது விதியாயிற்று. அங்கே கணவன் ஒரு பகுதியிலும் மனைவி மற்றொரு பகுதியிலும் குழந்தைகள் வேறொரு பகுதியிலும் பிரித்து வைக்கப்பட்டனர். சீருடை கொடுத்தனர், கல் உடைத்தல், பழங்கயிறு பிரித்தல் போன்ற வேலைகளை வாங்கினர். உள்ளே வர மக்கள் அஞ்சவேண்டும், கூசவேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். உலகப் புகழ் பெற்ற நடிகர் சார்லி சாப்ளின் 1896ஆம் ஆண்டு ஏழு வயதுச் சிறுவனாகத் தம் தாயுடனும் தமையனுடனும் இலண்டனில் அத்தகைய இல்லம் ஒன்றில் புகுந்தவர்.

அவ்வில்லங்கள் மனிதனைத் தாழ்த்தின. ஆனால் வருவோர் ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், வந்த நாள், போன நாள் ஆகியவற்றை ஏட்டில் எழுதியும் வைத்தன. அந்த ஏடுகள் பல இன்றும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. தம் கொள்ளுப்பாட்டன் எங்கே பிறந்தான், பாட்டி எங்கே இறந்தாள் என்று தேடும் ஆங்கிலக் குடும்பங்கள் அவற்றைப் புரட்டிப் பார்க்கின்றன. தாத்தா மறைத்த செய்தியைப் பேரன் ஏட்டிலே படிக்கிறான்.

நம் நாட்டில் நிலைமை எவ்வாறு இருந்தது?

பசித்தவனுக்குச் சோறிடுதல் தமிழர்க்குப் பழைய அறம். மணிமேகலைக் காப்பியத்தில் அமுதசுரபி ஏந்திய அந்த நங்கை, வற்கடத்தால் வாடிய காஞ்சி மாநகர்க்கு வந்து பசிப்பிணி தீர்த்தாள் என்ற செய்தியை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். பிற்காலத்தில் பெருவழிகள் தோறும் சத்திரங்கள் எழுந்தன. கோயில் நகரமாகிய காஞ்சிபுரத்துக்கு வரும் யாத்திரிகர்க்கும் வழிப்போக்கர்க்கும் அவற்றில் சோறு கிடைத்தது. 1867ஆம் ஆண்டு வள்ளலார் இராமலிங்கர் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டினார். இவ்விடங்களில் உண்டவனிடம் ஊரும் பேரும் கேட்டு ஏட்டில் பதிந்துகொள்ளும் வழக்கம் இல்லை. கேட்பது அறம் ஆகாது என்று எண்ணினர். உண்டவன் மானத்தோடு எழுந்து போனான். வரலாற்று மாணவனுக்கு இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. உண்டவன் மானம் காக்கப்பட்டது. அவன் பெயரோ நமக்குக் கிடைக்காமற் போயிற்று.

ஆங்கிலேயர் ஆட்சியோடு வேறு வகையான உதவி அமைப்புகள் தோன்றின. அவற்றுள் தொன்மையான ஒன்றுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1780ஆம் ஆண்டு ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை முற்றிலும் முறியடிக்கப்பட்டது. போர் நடந்த நாட்டில் வயல்கள் பாழாயின. ஏரிகள் பேணுவாரற்றுப் போயின. மக்கள் ஊரை விட்டு ஓடினர். அவர்களுள் பெருந்திரளானோர் சென்னைப் பட்டினத்தை நோக்கி நடந்தனர். அங்கே 1782ஆம் ஆண்டு பஞ்சத்தில் வாடியோர்க்குக் கஞ்சி வார்க்கும் இடம் ஒன்று நகரின் வட பகுதியில் ஏற்பட்டது. அதுவே பின்னர் ‘மணியக்காரர் சத்திரம்’ எனப்பட்டது. மக்கள் வழங்கிய பெயரோ ‘கஞ்சித்தொட்டி’ என்பது. அதனை ஒட்டி வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. 1938ஆம் ஆண்டு ஆளுநர் ஒருவர் பெயரைப் பெற்ற பின்னரும், வடசென்னை மக்கள் அதனைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே அழைத்து வந்தனர். அரசு இட்ட பெயரைவிட மக்களின் பசி இட்ட பெயரே நிலைத்தது.

ஆனால் நம் குடும்பங்களின் நினைவில் ஆழமாகப் பதிந்த பஞ்சம் இதனினும் பிற்பட்டது. அதுவே தாது வருடப் பஞ்சம். 1876ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் விளைச்சல் இல்லை. தானிய விலை இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் உயர்ந்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னாட்டில் இறந்தோர் தொகை 50 இலட்சத்துக்கு மேல் என்று வரலாற்றாசிரியர் பலர் மதிப்பிடுகின்றனர். 1871ஆம் ஆண்டு எடுத்த மக்கட்டொகையையும் 1881ஆம் ஆண்டு எடுத்ததையும் ஒப்பிட்டால், பத்தாண்டில் மாகாண மக்கட்டொகை வளரவில்லை, சற்றுக் குறைந்தே போயிற்று என்பது தெரியவரும்.

இப்பஞ்சத்தில் உழவனைப் போலவே நெசவாளனும் அழிந்தான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நெசவாளனிடம் நிலம் இல்லை. தறியே அவன் நிலம். விளைச்சல் பொய்த்த ஆண்டில் உழவன் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். ஆகவே நெசவாளனுக்கு வரவு நின்றது. அதே நேரத்தில் அவன் வாங்க வேண்டிய அரிசியின் விலையோ ஏறியது. இவ்வாறு இருபுறமும் அடி விழுந்தது. இலங்காசயர் ஆலைத் துணியின் போட்டியால் முன்பே தளர்ந்திருந்த கைத்தறி, இவ்வடியைத் தாங்கும் நிலையில் இல்லை. பாவுக்குப் போடும் கஞ்சியை வயிற்றுக்குக் குடித்துவிட்டுத் தறியைச் சும்மா விட்ட வீடுகள் எத்தனையோ!

அரசு செய்த உதவி இரு வகையாக இருந்தது. உடல் வலிமை உள்ளோர்க்கு மண் வெட்டுதல், கல் உடைத்தல், சாலை போடுதல் போன்ற வேலை; வலிமை இழந்தோர்க்கு முகாம்களில் சமைத்த உணவு. சென்னை நகரின் ஊடே செல்லும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அக்காலத்தில் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டதே. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரை அது தாங்கி நிற்கிறது. வெட்டியவர் பெயர்களை அது தாங்கவில்லை.

1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசால் அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் வேலைக் கூலியைக் குறைத்தார். ஓர் ஆணின் நாட்கூலி ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் ஓரணாவுமே என வரையறுக்கப்பட்டது. நாள் முழுதும் மண் சுமப்பவன் உடலை இது தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வன்மையாக மறுத்துரைத்தார். அவ்வாண்டிலேயே கூலி மீண்டும் உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் மடிந்தனரோ!

மண் சுமக்கும் வேலை நெசவாளனுக்குப் பெருந்துன்பமாக இருந்தது. இழையை எண்ணி எடுத்துப் பழகிய விரல்கள் கடப்பாறை பிடிக்கக் கூசின. குழித்தறியில் அமர்ந்தே வாழ்ந்தவன் வெயிலில் நின்று கூடை சுமக்க இயலவில்லை. மேலும், மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப் போனால், மழை பெய்து தறி மீண்டும் ஓடும்போது நுண்ணிய இழை அக்கைக்கு அடங்காது. இவ்வுண்மையை அதிகாரிகளும் காலப்போக்கில் உணர்ந்தனர். நெசவாளனுக்கு நூல் கொடுத்து, அவன் வீட்டிலேயே நெய்யச் செய்து, துணியை வாங்கிக்கொள்வதே தக்க உதவி என்ற கொள்கை பஞ்ச காலத்திலேயே நடைமுறைக்கு வந்தது. ஸ்ட்ரேச்சி தலைமையில் அமைந்த பஞ்ச ஆணைக்குழு 1880ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. அதன் பின்னர்ப் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. அவற்றில் வேலைத் தலங்களோடு ‘ஏழையர் இல்லங்கள்’ அமைப்பதற்கும், நெசவாளர் போன்ற கைவினைஞர்க்கு அவரவர் தொழில் வழியே உதவுவதற்கும் இடம் அளிக்கப்பட்டது. இங்கிலாந்தின் உழைப்பில்லத்துக்கு நம் நாட்டில் மிக அண்மையில் வைத்து எண்ணத்தக்கவை இம்முகாம்களும் ஏழையர் இல்லங்களுமே.

இவ்விடங்களுக்குள் போக நம் மக்கள் மிகவும் அஞ்சினர். யார் சமைத்த சோறோ, யார் அருகில் அமர்ந்து உண்பதோ என்ற சாதி அச்சம் ஒருபுறம். ஊரார் அறிந்தால் நாளை பெண் கொடுப்பாரா என்ற மான அச்சம் மறுபுறம். சிலர் கடைசி நாள் வரையில் வீட்டிலேயே கிடந்தனர். போனவர்களோ, பிழைத்துத் திரும்பிய பின்னர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளும் திறக்கவில்லை. இந்த மௌனமே நம் தேடலுக்கு முதல் தடை.

இதனோடு மற்றொரு செய்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சிபுரத்தில் நான்கு சேரிகளில் வாழ்ந்த நெசவாளர்கள் ஊரகத்துத் திருமால் கோயிலின் வரவு செலவுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெற்றதை அது கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கோயிலின் கணக்கையே நம்பி ஒப்படைக்கத்தக்க நிலையில் இந்நகரத்து நெசவாளர் இருந்தனர். இச்செய்தியை எந்த நெசவுக் குடும்பமும் பெருமையோடு எடுத்துச் சொல்லும். செப்பேட்டுக்கு உரியவனும் முன்னோனே. கஞ்சிக்கு வரிசையில் நின்றவனும் முன்னோனே. முன்னவனை மட்டும் ஏற்றுப் பின்னவனை மறைப்பது வரலாறு ஆகாது.

சரி, தேடுவது எவ்வாறு? மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடிய சில வழிகளைச் சொல்கிறேன்.

முதல் வழி, வீட்டில் உள்ள முதியோரைக் கேட்டல். அவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்லாமல் தமிழ் ஆண்டின் பெயரைச் சொல்லலாம். அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும் என்பதை மறந்துவிடாதீர்கள். தாது ஆண்டு 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது, 1996இலும் வந்தது. “தாது வருஷத்தில் பெரியவர் ஊரை விட்டு வந்தார்” என்று ஒரு பாட்டி சொன்னால், எந்தத் தாது என்பதைத் தலைமுறையை எண்ணித்தான் முடிவு செய்யவேண்டும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். ஆகவே ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். இருவரை ஒருவராக எண்ணி மயங்காமல் இருக்கத் தந்தை பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வழி, பத்திரங்கள். 1864ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் பின்னர் வீடு, மனை விற்பனைகளும் அடமானங்களும் பதிவு அலுவலகங்களில் எழுதப்பட்டு வந்தன. வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். 1877, 1878ஆம் ஆண்டுகளில் ஒரு வீடோ மனையோ ஈடு வைக்கப்பட்டிருந்தால், அல்லது மிகக் குறைந்த விலைக்குக் கைமாறியிருந்தால், அதன் காரணம் பசியாக இருக்கக்கூடும். அதிலே பஞ்சம் என்ற சொல்லே இராது. ஆண்டும் தொகையும்தான் நமக்குச் செய்தி சொல்லும்.

மூன்றாம் வழி, அரசு ஆவணங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பஞ்ச கால அறிக்கைகள் பல உள்ளன. செங்கற்பட்டு மாவட்டத்தைப் பற்றிக் குரோல் என்ற அதிகாரி எழுதிய நூல் 1879ஆம் ஆண்டு, அதாவது பஞ்சம் முடிந்த உடனேயே, வெளிவந்தது. சென்னையில் செய்தித்தாள் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகள் நிவாரணப் பணியை விரிவாகக் கூறுகின்றன. ஆனால் இவற்றில் தனிமனிதர் பெயரைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இத்தனை ஆயிரம் பேர் வேலை செய்தனர், இத்தனை ஆயிரம் பேர் உணவு பெற்றனர் என்று தொகையையே காண்போம். மக்கட்டொகைக் கணக்கும் அவ்வாறே; தொகை நூல்களில் நிலைத்தது, வீடு வீடாக எழுதிய தாள்கள் நிலைக்கவில்லை. இருப்பினும் உங்கள் ஊருக்கு அருகில் வேலைத் தலம் எங்கே இருந்தது, எந்த ஏரி அப்போது தூர் வாரப்பட்டது என்பதை அறிந்தால், அதுவும் முன்னோரைக் காணும் ஒரு வழியே ஆகும்.

நான்காம் வழி நம்மைக் கடல் கடந்து அழைத்துச் செல்கிறது. பசி துரத்திய மக்களுள் ஒரு பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக வெளிநாடு சென்றனர். 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ‘துரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியே சென்றவர்கள்; செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து சென்றோரும் பலர். அங்கே ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவற்றை எழுதினர். அந்தக் கப்பற்பட்டியல்கள் அழியாமல் இருக்கின்றன. மொரீசியசில் மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவரும் குடியேற்ற ஏடுகளோடு பலரின் நிழற்படங்களும் உள்ளன.

அயர்லாந்திலும் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. அங்கே உருளைக்கிழங்குப் பஞ்சம் நேர்ந்தபோது, 1848 முதல் 1850 வரை உழைப்பில்லங்களிலிருந்து 4,000க்கு மேற்பட்ட அநாதைப் பெண்களை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினர். இன்று சிட்னி நகரில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அதிலே அப்பெண்கள் பலரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் வழித்தோன்றல்கள் அங்கே வந்து தம் பாட்டியின் பெயரைக் கண்டு நிற்கின்றனர்.

நேட்டாலிலும் மொரீசியசிலும் வாழும் தமிழர் சிலர் அவ்வாறே ஏட்டு எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு தமிழகத்துக்கு வருகின்றனர். ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதிய பெயர்கள் அவர்களிடம் இருக்கின்றன. முனிசாமி அங்கே ‘மூன்சாமி’ ஆயிற்று; கவுண்டர் ‘கவெண்டர்’ ஆயிற்று; காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’ ஆயிற்று. அவர்களிடம் ஏடு இருக்கிறது, ஊர் இல்லை. நம்மிடம் ஊர் இருக்கிறது, ஏடு இல்லை. ஊரிலே தங்கிவிட்டவர்கள், “அண்ணன் ஒருவர் பஞ்சத்தில் போனார், திரும்பவில்லை” என்ற ஒரு வரியை மட்டும் காத்து வைத்திருப்பார்கள். அந்த ஒரு வரியும் அந்த ஓர் எண்ணும் சந்திக்கும் இடத்தில் ஒரு குடும்பம் மீண்டும் ஒன்றாகிறது.

இவற்றை எல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. இங்கிலாந்தில் ஏழையின் பெயரை எழுதியது செலவுக் கணக்குக்காக. நேட்டாலில் எழுதியது உழைப்புக் கணக்குக்காக. சத்திரத்தில் எழுதாமல் விட்டது அறத்துக்காக. பஞ்ச அறிக்கையில் எழுதாமல் விட்டது அலட்சியத்துக்காக. ஏழையின் பெயரை அவனுக்காகவே எழுதி வைத்தவர் மிகச் சிலர். அந்தக் குறையை நிறைவு செய்யும் கடமை நம்முடையது.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டன் பாட்டியரிடம் அமர்ந்து, அவர்தம் பெற்றோர் பெயரையும், பிறந்த ஊரையும், தொழிலையும், ஊர் விட்டு ஊர் வந்த காரணத்தையும் கேட்டு எழுதுங்கள். அவர்கள் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள், பொறுத்திருந்து கேளுங்கள். கஞ்சிக்கு நின்ற கதை ஒன்று வந்தால், அதைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். அவமானம் பசித்தவனுடையது அன்று. விளைச்சல் பொய்த்த நாட்டில் ஒரு ராத்தல் தானியத்தை அளந்து கொடுத்த ஆட்சியினுடையது. நின்றவன் தன் மானத்தைச் சிறிது நேரம் கீழே வைத்துத் தன் பிள்ளைகளின் உயிரைக் கையில் எடுத்தான். அந்தப் பிள்ளைகளின் வழியில் வந்தவர்களே இன்று தறியில் அமர்ந்து பட்டு நெய்கின்றனர். கல்லூரியில் அமர்ந்து பாடம் கேட்கின்றனர்.

அவன் பெயரை உங்கள் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால், அவன் வாழ்ந்த ஆண்டையேனும் எழுதி வையுங்கள்.